சீட்டுக் கட்டும் கணிப்பொறியும்

சீட்டாட்டம் என்ற சொல்லைக் கேட்டவுடன் வீட்டுப் பெரியவர்கள் முகம் சுளிப்பது நம் நாட்டு வழக்கம். தீபாவளி மதியத்திலும், திருமண வீட்டுத் திண்ணையிலும், நெடுந்தூர ரயில் பயணத்திலும் அதனைப் பொறுத்துக்கொள்வார்கள்; மற்ற நாட்களில் அது படிப்பைக் கெடுக்கும் பழக்கம் என்றே கருதப்படும். ஆயினும் இன்று பெங்களூர் நகரத்தில் கணிப்பொறிக்கு ஆணை எழுதக் கற்பிக்கும் வகுப்புகள் பலவற்றில், தொடக்க மாணவர்க்கு இடப்பெறும் பயிற்சிகளுள் ஒன்று ஓர் எளிய சீட்டாட்டத்தை இயந்திரத்தில் ஆடச் செய்வதாகும். படிப்பைக் கெடுப்பதாகக் கூறப்பட்ட ஒன்று படிப்பிற்கே பாடமானது எவ்வாறு? அதன் பின்னே ஒரு வரலாறு உண்டு. அவ்வரலாற்றில் மைசூர் அரசர் ஒருவருக்கும், கன்னட நாட்டில் பிறந்த கணித மேதை ஒருவருக்கும் இடமுண்டு என்பது நேயர்கள் பலருக்கு வியப்பளிக்கக் கூடும்.

சீட்டு நம் நாட்டிற்குப் புதியதன்று. பாபர் 1527-ஆம் ஆண்டில் சிந்து நாட்டிலிருந்த தம் நண்பர் ஒருவருக்குக் கஞ்சீபாச் சீட்டுகளை அனுப்பியதாகத் தம் நினைவுக் குறிப்புகளில் எழுதியுள்ளார். கஞ்சீபா என்பது பெரும்பாலும் வட்ட வடிவில், கையால் வண்ணந்தீட்டிச் செய்யப்பெறும் சீட்டு. மொகலாயர் கட்டில் எட்டு இனங்களும், இனம் ஒன்றிற்குப் பன்னிரண்டு சீட்டுகளுமாக 96 சீட்டுகள் இருந்தன. அது தெற்கே வந்தபோது நம் மண்ணின் கதைகளை ஏற்றது. பத்து அவதாரங்களும் பத்து இனங்களாகி 120 சீட்டுகள் கொண்ட தசாவதாரக் கட்டு தோன்றியது.

இக்கலையை மிக விரிவாக வளர்த்தவர் மைசூரை ஆண்ட மும்முடி கிருஷ்ணராஜ உடையார் ஆவார். 1794-இல் பிறந்து 1868-இல் மறைந்த இவ்வரசரிடமிருந்து 1831-இல் ஆங்கிலேயர் ஆட்சிப் பொறுப்பைப் பறித்துக்கொண்டனர். அதன் பின்னர் அவர் தம் காலத்தைக் கலைகளிலும் நூல்களிலும் செலவிட்டார். அவர் தொகுப்பித்த ‘ஸ்ரீதத்துவநிதி’ என்னும் பெருநூல் ஒன்பது பகுதிகளை உடையது. அவற்றுள் ‘கௌதுக நிதி’ என்ற பகுதி விளையாட்டுகளைப் பற்றியது. 36 சீட்டுகள் கொண்ட சிறு கட்டு முதல் 360 சீட்டுகள் கொண்ட பெருங்கட்டு வரை, பதின்மூன்று புதிய சீட்டாட்டங்கள் அதில் விவரிக்கப்பட்டுள்ளன. இவை மக்களிடையே பரவவில்லை. அரண்மனைக்குள்ளாவது ஆடப்பட்டனவா என்பதே ஐயத்திற்குரியது. ஆயினும் இவ்வரசர் செய்த வேலையைச் சற்று எண்ணிப் பார்க்க வேண்டும். ஆடுவோர் எவரும் இல்லாத நிலையில், ஓர் ஆட்டத்தின் சீட்டு எத்தனை, இனம் எத்தனை, எது எதை வெல்லும் என்பதையெல்லாம் அவர் எழுத்தில் வரையறுத்தார். ஆட்டத்தை ஆடிக் காட்டாமல் விதியாக எழுதி வைக்கும் அவ்வேலையையே இன்றைய மாணவன் கணிப்பொறியின் முன் அமர்ந்து செய்கின்றான்.

மைசூர் அரண்மனையிலிருந்து பெங்களூரின் விஞ்ஞானக் கழகத்திற்கு வருவோம். இந்திய விஞ்ஞானக் கழகத்தில் 1950-களின் நடுவில், அமெரிக்காவின் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்திலிருந்து வந்திருந்த பேராசிரியர் ரைடவுட் என்பாரின் முயற்சியால் ஒரு மின்னணுக் கணிப்பொறி உருவாயிற்று. எண்களைக் கொண்டன்றி மின்னழுத்தத்தின் ஏற்றத் தாழ்வுகளைக் கொண்டு கணக்கிடும் ஒப்புமை வகையைச் சேர்ந்தது அது. அக்காலத்தில் அங்கே பயின்று அப்பணியில் ஈடுபட்டவர்களுள் ஒருவர் ஈரோட்டில் பிறந்த வி. ராஜாராமன். 1963-இல் கான்பூர் இந்தியத் தொழில்நுட்பக் கழகத்திற்கு ஐ.பி.எம். 1620 என்னும் எண்ணியல் கணிப்பொறி வந்து சேர்ந்தபோது, அங்கே ஆசிரியராகி நாட்டின் முதல் தலைமுறை நிரலாளர்களைப் பயிற்றுவித்தவர்களுள் அவரும் ஒருவர். 1982-இல் பெங்களூருக்கே திரும்பி, தாம் பயின்ற கழகத்திலேயே பேராசிரியரானார்.

‘நிரல்’ என்ற சொல்லை இங்கே விளக்கிவிடுதல் நலம். கணிப்பொறி செய்ய வேண்டிய வேலையை, ஒன்றன்பின் ஒன்றாக, ஐயத்திற்கு இடமின்றி எழுதிய ஆணைகளின் வரிசையே நிரல். ராஜாராமன் காலத்து மாணவர்கள் அந்த வரிசையைத் திரையில் பார்த்து எழுதவில்லை. தடித்த காகித அட்டைகளில் துளையிட்டு எழுதினார்கள். 1890-ஆம் ஆண்டில் அமெரிக்க மக்கள் கணக்கெடுப்பிற்காக ஹாலரித் என்பவர் கையாண்ட துளை அட்டையின் வழித்தோன்றல் அது. ஓர் அட்டைக்கு ஓர் ஆணை. நூறு ஆணைகள் கொண்ட நிரலுக்கு நூறு அட்டைகள். ஆகவே அந்நாளில் நிரல் என்பதே ஒரு சீட்டுக் கட்டுத்தான்! அதனைக் கைதவறிக் கீழே போட்டுவிட்டால் ஆணைகளின் வரிசை குலைந்து நிரல் பயனற்றதாகும். இதற்கு அஞ்சியே அட்டையின் 80 பத்திகளுள் கடைசி எட்டினை வரிசை எண்ணிற்கென ஒதுக்கினார்கள். கட்டின் மேல்விளிம்பில் பென்சிலால் குறுக்குக் கோடொன்று சாய்வாக இழுத்து வைப்பாரும் உண்டு. கோடு நேராக அமையும்வரை அடுக்கினால் பழைய வரிசை மீண்டுவிடும்.

நிரலுக்கு வரிசை குலையாமை உயிர். சீட்டாட்டத்திற்கோ வரிசை குலைவதே உயிர். ஆணையிட்டபடி அன்றி வேறெதுவும் செய்யாத இயந்திரத்திடம், ‘ஒழுங்கின்றிக் கலைத்துப் போடு’ என்று எவ்வாறு ஆணையிடுவது? சீட்டாட்டத்தை நிரலாக எழுதப் புகுவோர் அனைவரும் முதலில் முட்டிக்கொள்ளும் சுவர் இதுவே.

இச்சுவரைத் தாண்டும் வழி கணிப்பொறி பிறப்பதற்கு முன்பே கண்டறியப்பட்டிருந்தது. அதற்குக் காரணமாயிருந்தது சூதாட்டமன்று, வேளாண்மையும் மருத்துவமுமே. ஒரு வயலின் பல பாத்திகளில் எதற்கு எந்த உரமிடுவது என்பதை ஆராய்ச்சியாளர் தம் விருப்பம்போல் முடிவு செய்தால், நல்ல பாத்திக்கே தமக்குப் பிடித்த உரத்தை இட்டுவிடக் கூடும். ஆகவே முடிவை எவர் விருப்பத்திற்கும் விடாமல் சமவாய்ப்பிற்கு விடவேண்டும். இதற்கென இங்கிலாந்தின் புள்ளியியல் அறிஞர்களான ரொனால்டு ஃபிஷரும் ஃபிராங்க் யேட்சும் 1938-இல் வெளியிட்ட அட்டவணை நூலில் ஒரு முறையை வகுத்தனர். ஃபிஷர் நம் நாட்டிற்கும் அறிமுகமானவர். அவ்வாண்டின் தொடக்கத்தில் கல்கத்தாவில் நடைபெற்ற முதல் இந்தியப் புள்ளியியல் மாநாட்டிற்குத் தலைமை வகித்தவர் அவரே.

முறை மிக எளியது. ஒரு தாளில் எண்களை வரிசையாக எழுதுக. சமவாய்ப்பு எண் அட்டவணையிலிருந்து ஓர் எண்ணை எடுத்து, அத்தனையாவது இடத்தில் உள்ளதை அடித்துவிட்டு, வேறொரு தாளில் எழுதுக. எஞ்சியவற்றுள் மீண்டும் அவ்வாறே செய்க. யாவும் அடிபட்டபின் இரண்டாம் தாளில் இருப்பதே கலைந்த வரிசை. இங்கே நுட்பம் ஒன்றே ஒன்றுதான்: ஒவ்வொரு முறையும் எஞ்சியவற்றுள்ளிருந்து மட்டுமே எடுக்க வேண்டும். இதன் பெருமையைப் பின்னர்க் காண்போம்.

இதே வேலைக்கு மற்றொரு வழியை 1961-ஆம் ஆண்டில் ‘சாங்க்யா’ என்னும் இந்தியப் புள்ளியியல் இதழில் எழுதியவர் சி. ஆர். ராவ். இவர் 1920-இல் ஹூவின ஹடகலி என்ற ஊரில் பிறந்தார். அவ்வூர் அன்று சென்னை மாகாணத்துப் பெல்லாரி மாவட்டத்தில் இருந்தது. 1953-இல் மைசூர் நாட்டுடன் சேர்ந்தது. இன்று கருநாடகத்தின் விஜயநகர மாவட்டத்தில் உள்ளது. கல்கத்தாவின் இந்தியப் புள்ளியியல் கழகத்தில் நெடுங்காலம் பணியாற்றிய ராவ், உலகப் புள்ளியியலாளர் வரிசையில் முன்னிற்பவர். 2023-இல் அத்துறையின் பன்னாட்டுப் பரிசைப் பெற்று, அவ்வாண்டு ஆகஸ்டு மாதத்தில் தமது 102-ஆம் வயதில் மறைந்தார்.

ராவ் கூறிய வழியைச் சீட்டுக் கட்டைக் கொண்டே விளக்கலாம். ஒவ்வொரு சீட்டிற்கும் 0 முதல் 9 வரையுள்ள எண்களில் ஒன்றைச் சமவாய்ப்பாக அளியுங்கள். 0 பெற்றவற்றை முதற்குவியலாகவும், 1 பெற்றவற்றை அடுத்ததாகவும், இவ்வாறே பத்துக் குவியல்களாகப் பிரியுங்கள். ஒரு குவியலில் ஒன்றுக்கு மேற்பட்ட சீட்டுகள் இருந்தால் அக்குவியலுக்குள் மீண்டும் இதனையே செய்யுங்கள். இறுதியில் குவியல்களை வரிசையாக அடுக்கினால் கட்டு கலைந்திருக்கும். ஃபிஷரும் யேட்சும் எழுதிய நூலின் ஆறாம் பதிப்பில் ராவின் முறையே இடம்பெற்றது. நம்மவர் ஒருவர் சீட்டுக் கலைத்ததை உலகம் பாடமாக ஏற்றது என்று சொல்லிக்கொள்வதில் தவறில்லை!

1964-இல் ரிச்சர்டு டர்ஸ்டன்ஃபெல்டு என்பவர் ஃபிஷர் முறையைக் கணிப்பொறிக்கேற்பச் சுருக்கினார். அடித்துவிட்டு வேறு தாளில் எழுதுவதற்குப் பதிலாக, எடுத்த சீட்டையும் கடைசியில் உள்ள சீட்டையும் இடம் மாற்றிவிட்டால் போதும். அடுத்த முறை அக்கடைசி இடத்தைத் தொடாமல் அதற்கு முந்திய இடம்வரை மட்டுமே பார்க்க வேண்டும். 52 சீட்டுகள் கொண்ட கட்டிற்கு 51 முறை இடம் மாற்றினால் வேலை முடிந்தது. இன்று பைத்தான் மொழியில் எழுதும் மாணவன் ஒரே சொல்லால் கட்டைக் கலைக்கின்றான். அச்சொல்லுக்குள் இருப்பது 1938-இல் தாளும் பென்சிலுமாக வகுத்த அம்முறையே.

சீட்டு கணிப்பொறிக்குள் புகுந்த மற்றொரு வாயிலையும் குறிப்பிட வேண்டும். 1946-இல் அமெரிக்காவில் ஸ்டானிஸ்லா உலாம் என்ற கணித அறிஞர் கடும் நோயிலிருந்து மீண்டு ஓய்விலிருந்தபோது, தனியாக ஆடும் சீட்டாட்டம் ஒன்றை ஆடிப் பொழுதுபோக்கினார். இவ்வாட்டம் வெற்றியாக முடிவதற்கு வாய்ப்பு எவ்வளவு என்று கணக்கிடப் பார்த்தார்; கணக்கு வளர்ந்துகொண்டே போயிற்று. நூறு முறை ஆடி, எத்தனை முறை வெற்றி என்று எண்ணிவிட்டால் என்ன என்று அவருக்குத் தோன்றியது. நூறு முறை ஆட மனிதனுக்குப் பொறுமை இராது. அப்போது புதிதாகப் பிறந்திருந்த மின்னணுக் கணிப்பொறிக்கு உண்டு. இவ்வெண்ணத்தை அவர் ஜான் வான் நாய்மனிடம் கூற, அணுப்பிளவுப் பொருளின் உள்ளே நியூட்ரான்கள் செல்லும் வழியை ஆராய அது பயன்பட்டது. சூதாட்ட விடுதிக்குப் பெயர்பெற்ற மாண்டி கார்லோ நகரின் பெயரே அம்முறைக்கும் இடப்பட்டது.

இவையெல்லாம் அறிஞர் உலகத்துச் செய்திகள். சீட்டாட்டம் மாணவன் கைக்கு வந்தது பேசிக் என்னும் எளிய மொழியின் வழியே. 1964 மே மாதத்தில் அமெரிக்காவின் டார்ட்மத் கல்லூரியில் கெமெனி, கர்ட்ஸ் என்ற இரு பேராசிரியர்கள், கணிதம் பயிலாத மாணவரும் கையாளத்தக்கதாக அதனை ஆக்கி வெளியிட்டனர். 1973-இல் டேவிட் ஆல் என்பவர் அம்மொழியில் எழுதிய விளையாட்டுகள் பலவற்றைத் தொகுத்து நூலாக்கினார். அதன் 1978-ஆம் ஆண்டுப் பதிப்பில் முதலில் நிற்பதே ஒரு சீட்டாட்டம். இரண்டு சீட்டுகளை விரித்துக் காட்டி, மூன்றாவது சீட்டு அவற்றின் இடைப்பட்டதாக வருமா என்று பந்தயம் கேட்கும் ஆட்டம் அது. நம் நாட்டிலும் 1984-இல் மத்திய அரசு பள்ளிகளுக்கான கணிப்பொறி அறிமுகத் திட்டத்தைத் தொடங்கி, சுமார் 250 பள்ளிகளில் இங்கிலாந்தில் ஆன பி.பி.சி. மைக்ரோ கணிப்பொறிகளை வைத்தது. அவற்றிலும் பேசிக் மொழியே இருந்தது.

மேற்கூறிய ஆட்டத்தின் நிரலில் ஒரு வேடிக்கை உண்டு: அதில் சீட்டுக் கட்டே கிடையாது! ஒவ்வொரு முறையும் ஓர் எண்ணைச் சமவாய்ப்பாக எடுத்து, அதுவே சீட்டு என்று காட்டிவிடும். ஆகவே நான்கே இருக்கவேண்டிய ராஜா ஐந்து முறையும் வரலாம். எளிமைப்படுத்தும்போது கட்டின் நினைவு போய்விட்டது. உண்மையான கட்டில் வந்துபோன சீட்டு மீண்டும் வராது; எஞ்சியிருப்பதை அது மறப்பதில்லை. தொடக்க மாணவன் முதலில் கட்டில்லாத ஆட்டத்தை எழுதி, அதன் குறையைத் தானே கண்டு, கட்டுள்ள ஆட்டத்திற்கு ஏறுகின்றான். சீட்டாட்டம் நல்ல பாடமாக அமைந்ததன் காரணங்களுள் இதுவும் ஒன்று.

இதனை நான் என் வீட்டிலேயே கண்டேன். கல்லூரியில் முதலாண்டு பயிலும் என் தமக்கை மகள் விடுமுறைக்குப் பெங்களூர் வந்திருந்தபோது, வகுப்பில் இட்ட பயிற்சிக்காக மங்காத்தாவை நிரலாக எழுதத் தொடங்கினாள். ‘உள்ளே வெளியே’ என்று தமிழ்நாட்டிலும், ‘அந்தர் பாஹர்’ என்று கன்னட நாட்டிலும் வழங்கும் ஆட்டம் அது. ஒரு சீட்டைத் திறந்து வைப்பார்கள். பிறகு உள்ளே ஒன்று, வெளியே ஒன்று என மாறி மாறிச் சீட்டு விழும். திறந்து வைத்த சீட்டின் எண்ணே மீண்டும் எந்தப் பக்கம் விழுகிறதோ அந்தப் பக்கம் வென்றது. இதனினும் எளிய ஆட்டம் இல்லை. “விதியை நீங்கள் தமிழில் சொல்லுங்கள், மாமா, நான் இயந்திரத்திற்குச் சொல்கிறேன்” என்றாள். மொழிபெயர்ப்பே என் தொழிலாதலால் உற்சாகத்துடன் அமர்ந்தேன்.

எழுத எழுதத்தான், சொல்லாமலே விட்டவை எத்தனை என்பது விளங்கிற்று. ‘அதே சீட்டு’ என்றேன். இனமும் ஒத்திருக்க வேண்டுமா, எண் மட்டும் போதுமா என்று கேட்டாள். ‘மாறி மாறி’ என்றேன். முதலில் எந்தப் பக்கம் என்றாள். மனிதனுக்கு வழக்கம் சொல்லிக்கொடுத்துவிடும். இயந்திரத்திற்கு வழக்கம் இல்லை. சீட்டுகளை 0 முதல் 51 வரை எண்ணாகக் கொண்டாள். எண்ணைப் பதின்மூன்றால் வகுத்தால் ஈவு இனத்தைக் காட்டும்: இஸ்பேட்டு, ஆர்ட்டின், டைமண்டு, கிளாவர். மீதி ஆசு முதல் ராஜா வரை எது என்பதைக் காட்டும். ஐம்பத்திரண்டு பெயர்களை எழுதுவதற்குப் பதில் ஒரே வகுத்தல்! பள்ளியில் நாம் வெறுத்த மீதி இவ்வளவு அழகாகப் பயன்படுவதை நான் அன்றுதான் கண்டேன்.

கலைப்பதற்கு ஆயத்தச் சொல்லைக் கையாளாமல் தானே எழுத வேண்டும் என்பது ஆசிரியர் கட்டளை. கட்டின் முதல் இடத்திலிருந்து கடைசி இடம்வரை சென்று, ஒவ்வோர் இடத்துச் சீட்டையும் கட்டின் ஏதேனும் ஓர் இடத்துச் சீட்டுடன் மாற்றுமாறு எழுதினாள். நிரலைப் பல்லாயிரம் முறை ஓட்டினாள். முதற்சீட்டு விழும் பக்கம் பாதிக்கு மேல் வென்றுகொண்டிருந்தது. “இரண்டு பக்கமும் சமமாகத்தானே வர வேண்டும்? கலைப்பதில் பிழை இருக்கிறது போலும்” என்று ஐயுற்றாள். மூன்றே சீட்டுகளை வைத்து அதனைச் சோதித்தாள். மூன்று சீட்டுகளை அடுக்கும் வகைகள் ஆறு. 27,000 முறை கலைத்தால் ஒவ்வொரு வகையும் ஏறக்குறைய 4,500 முறை வரவேண்டும். வந்தவையோ, மூன்று வகைகள் 5,000-ஐ ஒட்டியும், மற்ற மூன்று 4,000-ஐ ஒட்டியும் இருந்தன.

காரணத்தைத் தாளில் எழுதிக் கண்டோம். மூன்று இடங்களில் ஒவ்வொன்றிற்கும் மூன்று வாய்ப்புகள் என்றால், மூன்றை மூன்று முறை பெருக்கக் கிடைக்கும் வழிகள் 27. இருபத்தேழை ஆறு பேருக்குச் சமமாகப் பங்கிட முடியாது. மூவருக்கு ஐந்தும் மூவருக்கு நான்குமாகவே கிடைக்கும். ஃபிஷர் முறையிலோ முதலில் மூன்று வாய்ப்பு, எஞ்சியவற்றுள் இரண்டு, பிறகு ஒன்று, பெருக்கினால் ஆறு, ஆளுக்கு ஒன்று. எஞ்சியவற்றுள்ளிருந்து மட்டுமே எடுக்க வேண்டும் என்ற அந்த ஒரு விதியின் பெருமை இதுவே. கண்ணுக்கு இரண்டு முறைகளும் நன்றாகக் கலைப்பனவாகவே தோன்றும். ஒன்று நேர்மையானது, மற்றொன்று அன்று.

பிழையைத் திருத்தி மகிழ்ச்சியுடன் மீண்டும் மங்காத்தாவை ஓட்டினாள். ஒரு லட்சம் ஆட்டங்கள். இப்போதும் முதற்சீட்டு விழும் பக்கமே நூற்றுக்கு ஐம்பத்தொன்றரையை ஒட்டி வென்றது! “மாமா, இன்னும் எங்கே தவறு?” என்று சோர்ந்தாள். இம்முறை தவறு நிரலில் இல்லை. திறந்த சீட்டுப் போக எஞ்சியவை 51. அவற்றுள் அதே எண்ணுடையவை மூன்று. அம்மூன்றும் 51 இடங்களில் அமையக்கூடிய வகைகள் 20,825. அவற்றுள் முதலாவது ஒற்றைப்படை இடத்தில், அதாவது தொடங்கிய பக்கத்தில், விழும் வகைகள் 10,725. மறுபக்கத்தில் விழுபவை 10,100. வகுத்துப் பார்த்தால் 51.5 விழுக்காடு. இயந்திரம் சொன்னது மெய். ‘சரிபாதி வாய்ப்பு’ என்று தலைமுறை தலைமுறையாகத் திருவிழாக் கூட்டத்தில் நம்பி வந்ததே பொய். இருபக்கமும் ஒன்றுக்கு ஒன்று கொடுக்கும் ஆட்டத்தில், இரண்டாம் பக்கத்தில் நூறு ரூபாய் வீதம் தொடர்ந்து வைப்பவன், காலப்போக்கில் நூற்றுக்கு மூன்று ரூபாய் வீதம் இழப்பான். உலாம் தம் நோய்ப்படுக்கையில் கண்ட உண்மையை ஒரு கல்லூரி மாணவி ஒரு மாலைப் பொழுதில் தானே கண்டாள்.

இவ்வளவு சிறிய வேறுபாட்டிற்கு இத்தனை ஆராய்ச்சி தேவையா என்று கேட்கலாம். கட்டு நம் கண்ணெதிரே கலைக்கப்படும்வரை ஒருவேளை தேவையில்லை. கலைப்பவன் கையைப் பார்க்கலாம். ஐயம் வந்தால் கட்டை வெட்டி வைக்கச் சொல்லலாம். இணைய ஆட்டங்களில் கையும் இல்லை, கட்டும் இல்லை. 1999-இல் அமெரிக்காவில் மென்பொருள் ஆய்வாளர் சிலர், இணையத்தில் நடந்த போக்கர் சீட்டாட்டம் ஒன்றின் கலைக்கும் முறையைச் சோதித்தனர். தன் நேர்மையைக் காட்டுவதற்காக அதன் உரிமையாளரே அம்முறையை வெளியிட்டிருந்தார். அதில் மேலே கூறிய பிழையை ஒத்த பிழை இருந்தது. அதனினும் பெரிய பிழையும் இருந்தது. 52 சீட்டுகளை அடுக்கும் வகைகளின் எண்ணிக்கை 68 இலக்கங்கள் கொண்ட பேரெண். அந்நிரலோ நள்ளிரவு முதல் கடந்த நேரத்தை ஆயிரத்திலொரு விநாடி அளவில் எடுத்துக்கொண்டு, அதிலிருந்தே கலைக்கத் தொடங்கியது. ஒரு நாளில் அத்தகைய நொடித் துளிகள் 8 கோடியே 64 லட்சம் மட்டுமே. தம் கடிகாரத்தை அவ்விடுதியின் கடிகாரத்தோடு ஒத்துப்போகச் செய்து, அவற்றையும் சுமார் இரண்டு லட்சமாகக் குறைத்து, தமக்கு வந்த சில சீட்டுகளைக் கொண்டே எதிரியின் கையிலுள்ள சீட்டுகளை அவ்வாய்வாளர்களால் சொல்ல முடிந்தது. அந்நிரலை எழுதியவர் வஞ்சகர் அல்லர். ஆனால் நேர்மையாகக் கலைக்கக் கல்லாதவர். அம்மேசையில் பணம் வைத்தவர்களுக்கு இவ்விரண்டிற்கும் வேறுபாடில்லை.

நம் நாட்டில் பணம் வைத்து ஆடும் இணைய விளையாட்டுகளால் பல குடும்பங்கள் அழிந்ததை நாம் அறிவோம். கருநாடகம் 2021-இல் இவற்றைத் தடுக்கச் சட்டம் செய்தது. 2022-இல் உயர்நீதிமன்றம் அச்சட்டத்தின் முக்கியப் பகுதிகளைச் செல்லாதென்றது. தமிழ்நாடு 2022-இல் தனிச் சட்டம் இயற்றியது. 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் பணம் வைத்து ஆடும் இணைய விளையாட்டுகளை நாடு முழுமைக்கும் தடைசெய்யும் சட்டத்தை நிறைவேற்றியது. சட்டம் தன் வேலையைச் செய்யட்டும். ஆயினும் கலைப்பது ஆட்டத்திற்கு மட்டும் உரியதன்று. பள்ளி இடங்களுக்கும் வீட்டு மனைகளுக்கும் குலுக்கல் நடப்பதுண்டு. மருந்துச் சோதனையில் எவருக்குப் புதிய மருந்து, எவருக்குப் பழைய மருந்து என்று பிரிப்பதும் சமவாய்ப்பாலேயே. முன்னாளில் ஊரார் முன்னிலையில் சிறு குழந்தையை அழைத்துக் குடத்திலிருந்து ஓலையை எடுக்கச் செய்தார்கள். இன்று அக்குழந்தையின் இடத்தில் எவரோ எழுதிய சில வரி நிரல் இருக்கின்றது.

பெங்களூரின் வகுப்பறையில் சீட்டாட்டத்தை எழுதிப் பழகும் மாணவர் பலர் நாளை அத்தகைய வரிகளை எழுதப் போகின்றவர்கள். இப்போது அவர்கள் கையில் இருப்பது பந்தயமில்லாத, எவருக்கும் நட்டமில்லாத ஓர் ஆட்டம். பிழை செய்வதற்கும், மூன்று சீட்டுகளை வைத்துச் சோதித்து அப்பிழையைக் கண்டு திருத்துவதற்கும் இதைவிட நல்ல இடம் வேறில்லை. என் தமக்கை மகள் ஊர் திரும்பியபோது, அவளுடைய நிரலின் தாள்களோடு வீட்டுச் சீட்டுக் கட்டையும் பெட்டியில் எடுத்து வைத்துக்கொண்டாள். அவள் தாய் அதனைப் பார்த்து முகம் சுளித்திருக்கக் கூடும். பாடப் புத்தகம் என்று சொல்லியிருந்தால் அது பொய்யாகாது.